ஒரு ஆழாக்கு எவ்வளவு?

கால்கரி, கனடா
பிப்ரவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீ, அப்பா, அப்பத்தா, தம்பி எல்லோரும் நலமா? உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முதல் பக்க ஓரத்தில் உன் மஞ்சள் விரல் பதிந்திருக்கிறது, குழம்பு கொதிக்கும்போது எழுதியிருப்பாய். பதில் போடாமல் இருந்தது என் தப்புதான். “என்னதான் சாப்பிடுகிறாய்?” என்று இரண்டு இடத்தில் கேட்டிருக்கிறாய். அதையே விவரமாக எழுதுகிறேன்.

இந்த வருடம் வெளியில் வாங்கிச் சாப்பிடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். வேலை நேரம் கொஞ்சம் குறைந்ததில் பகலில் அடுப்படியில் நிற்க முடிகிறது. மதுரைப் புதுமண்டபத்தில் கடைகள் இருந்தபோது வாங்கிய புத்தகங்கள், அப்பத்தாவின் பழைய ‘சமைத்துப் பார்’, உன் நீல நோட்டு எல்லாம் அலமாரியில் முன்வரிசைக்கு வந்துவிட்டன. மாதம் ஒரு பதார்த்தம், வருடத்துக்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் மூன்று தடவை. முதல் தடவை புத்தகத்தில் உள்ளபடியே, அடுத்த தடவை ஒரே ஒரு மாற்றம், மூன்றாவது அதை உறுதிப்படுத்த. ஒரேயடியாக உப்பு, தண்ணீர், நேரம் மூன்றையும் மாற்றினால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் இடித்தது அளவுதான். ‘சமைத்துப் பார்’ மீனாட்சி அம்மாள் 1951-ல் எழுதிய புத்தகம். கிலோவும் லிட்டரும் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய காலம். முகக்க ஆழாக்கு, நிறுக்கப் பலம் என்றுதான் கணக்கு. சென்னைப் படிக்கு ஆழாக்கு 168 மில்லி, பலம் ஏறக்குறைய 35 கிராம். இங்கே கடையில் விற்கும் அளவுக் கப் 250 மில்லி. ஆழாக்கு என்ற இடத்திலெல்லாம் கப்பைப் போட்டால் அரிசியும் பருப்பும் ஒன்றரை மடங்கு ஆகிவிடும், பலத்தில் நிறுத்த புளி மட்டும் அப்படியே நிற்கும். புளியோதரை சப்பென்று போனதற்கு இதுதான் காரணம், புத்தகம் இல்லை. ‘எலுமிச்சை அளவு புளி’யிலும் இதே கதை. இங்குள்ள எலுமிச்சை நம்மூர்ப் பழத்தைப்போல் இரண்டு மடங்கு. இப்போது கொட்டை எடுத்த புளியை 25 கிராம் என்று தராசில் நிறுத்துத்தான் ஊறவைக்கிறேன்.

எட்டுப் பேருக்கு எழுதியதை ஒரு ஆளுக்குக் குறைப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உப்பு, மிளகாய், புளி எல்லாம் எட்டில் ஒன்று சரியாக வரும். தண்ணீரும் எண்ணெயும் வராது. பாத்திரத்தின் வாய் அகலத்தைப் பொறுத்துத்தான் தண்ணீர் சுண்டும், அளவு குறைந்தாலும் வாய் அந்த அளவுக்குக் குறைவதில்லையே. அதனால் நான்கு பேருக்குச் செய்து டப்பாவில் உறையவைத்துவிடுகிறேன். கூட இருக்கிற பெண் பெரும்பாலும் ஊரில் இருப்பதில்லை, எனக்கு நான்கு நாளைக்கு வரும்.

பருப்பு வேகாமல் படுத்தியதும் புரிந்துவிட்டது. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். மதுரை நூறைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இங்கே தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, தண்ணீரும் உப்புத் தண்ணீர் மாதிரி கடினம். திறந்த சட்டியில் துவரம்பருப்பு குழையவே குழையாது. ஒரு மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் மூன்றுக்குப் பதில் ஐந்து விசில்.

இட்லி மாவைச் சரியாகப் புளிக்கவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. 500 கிராம் இட்லி அரிசி, 125 கிராம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். அரைத்த உளுந்தைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்கவேண்டும், அது உனக்குத் தெரிந்ததுதான். மிக்ஸி சூடாகும் என்று நீ ஐஸ் தண்ணீர் விடுவாய். இங்கே ஜனவரியில் குழாய்த் தண்ணீரே ஐஸ், கடைசி இரண்டு சுற்றுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால்தான் மாவு குளிர்ந்து போகாது. உப்பைப் புளித்த பிறகே போடுகிறேன், உப்பு புளிப்பைத் தாமதப்படுத்தும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவை அதற்குள் வைத்தால் பதினான்கு மணி நேரத்தில் பொங்குகிறது. ஓவனை ஒருநாள் சூடாக்கிவிட்டு வைத்தேன், ஓரமெல்லாம் வெந்து கட்டிபிடித்துவிட்டது.

கீழ்வீட்டில் ஓர் உக்ரைன் பாட்டி இருக்கிறார். மைனஸ் இருபதில் துணியை வெளிக்கொடியில் உலர்த்துவார். துணி அப்பளம் மாதிரி விறைத்து, அப்படியே காய்ந்தும்விடுகிறது. காற்றில் ஈரம் அவ்வளவு குறைவு. பரோட்டா மாவு ஏன் பொருக்குத் தட்டியது என்று அந்தத் துணியைப் பார்த்துத்தான் விளங்கியது. உருண்டைகளை எண்ணெயில் புரட்டி, மேலே ஈரத்துணி போட்டு மூன்று மணி நேரம் வைக்கவேண்டும். இந்த ஊர்க் கோதுமை மாவில் புரதம் அதிகம், ஊறாவிட்டால் வீச வராமல் ரப்பராகச் சுருங்கும்.

இந்த மாதம் சால்னா. நான்கு பேருக்குத் தேங்காய் ஆறு மேசைக்கரண்டி, பொட்டுக்கடலை இரண்டு, கசகசாவும் சோம்பும் இரண்டிரண்டு தேக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கு. உறைந்த தேங்காய்த்துருவலைக் குளிரோடு அரைத்தால் கொழுப்பு திரிந்து கட்டிகட்டியாக நிற்கும், முற்றிலும் இளகிய பிறகே அரைக்கவேண்டும். வெங்காயம் தக்காளி எண்ணெய் கக்கிய பிறகு விழுது. பொட்டுக்கடலை கூடினால் குருமாவாகிவிடும். சால்னா தண்ணியாக ஓடவேண்டும்.

மூன்றாவது தடவை, புதன்கிழமை ராத்திரி, அது சரியாக வந்தது. சோம்பு மணம் எழுந்ததும் சிம்மக்கல் முக்கில் கல்லில் பரோட்டா கொத்துகிற சத்தம் காதுக்குள்ளேயே கேட்டதம்மா. அப்பா இலையில் கட்டிவந்து, தம்பியும் நானும் அடித்துக்கொண்டு தின்றது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட பதினொரு மணியாகிவிட்டது. சித்திரைக்கு வரமுடியுமா என்று கேட்காதே, அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டு, போதும்.

சரி, வீட்டு விஷயம். மேலூர் வயலில் அறுப்பு முடிந்ததா? பங்கு நெல் எத்தனை மூட்டை, மாமா கணக்குக் கொடுத்தாரா? அப்பாவுக்குச் சர்க்கரை பார்த்துச் சீட்டைப் படமெடுத்து அனுப்பு, வாயால் ‘நன்றாக இருக்கிறது’ என்றால் நம்பமாட்டேன். சின்ன அத்தை மகள் வளைகாப்புக்கு என் பேரில் வெள்ளிக் கொலுசு எடுத்துவிடு. இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வங்கி மாற்றுகிறேன், வேறொன்றுமில்லை. மாடி ஒழுகலுக்குக் கொத்தனாரிடம் பங்குனியில் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவை.

ஒன்று மறக்காதே. நம் வீட்டுப் பித்தளை ஆழாக்கு சென்னை அளவா, நம்மூர் அளவா என்று தெரியவேண்டும். அதில் தலைதட்டத் தண்ணீர் ஊற்றி, இருமல் மருந்து மூடியால் எத்தனை மில்லி என்று அளந்து எழுது. உன் நோட்டில் ‘ஒரு கைப்பிடி’ என்று போட்ட இடத்திலெல்லாம் என் கை சிறியது, அதையும் உன் கையால் அள்ளி, அண்ணாச்சி கடைத் தராசில் நிறுத்துச் சொல். துவரம்பருப்புக்கு ஒன்று, மல்லிக்கு ஒன்று.

உன் மகள்