எங்கள் உதகமண்டல வீட்டுத்தோட்டச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இப்பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான நம் சங்கத்தின் செயல்பாடுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

நிர்வாகக் குழு இவ்வாண்டில் ஐந்து முறை கூடியது. ஜூலையில் விதைப் பரிமாற்றமும், செப்டம்பரில் தொட்டிச் செடிகள் பற்றிய ஒருநாள் வகுப்பும் நடைபெற்றன. அக்டோபரில் திட்டமிட்டிருந்த கோத்தகிரிப் பயணம் மழையால் கைவிடப்பட்டது. நம் மூத்த உறுப்பினர் ஒருவரின் மறைவுக்குச் சங்கம் இரங்கல் தீர்மானம் நிறைவேற்றியது.

சென்ற மே மாதம் 126ஆவது மலர்க்காட்சியை ஒட்டி நடைபெற்ற தோட்டப் போட்டியில் நம் உறுப்பினர்கள் ஆறு பேர் கலந்துகொண்டும் ஒருவருக்கும் பரிசு கிடைக்கவில்லை. காரணம் அறிய விரும்பி, மாத இறுதியில் அந்த ஆறு தோட்டங்களுக்கும் நேரில் சென்றேன். நான்கு தோட்டங்களில் ரோஜாக்கள் அப்போதுதான் மொட்டு வைத்திருந்தன. ஜூன் மழை தொடங்கியதும் அவற்றுள் பெரும்பாலானவை விரியாமலே அழுகிப்போயின. விசாரித்தபோது, அந்த நான்கிலும் கவாத்து, அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிடும் வேலை, பிப்ரவரிக் கடைசியிலோ அதற்குப் பின்னரோதான் செய்யப்பட்டது என்று தெரிந்தது. நம் ஊர்க் குளிரில் கவாத்து செய்த ரோஜா மீண்டும் பூப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாதம் ஆகிறது. எனவே மே மாதப் பூவுக்கு உரிய வேலையைத் தை மாதத்திலேயே முடித்தாக வேண்டும் என்று ஆகஸ்ட் கூட்டத்தில் எடுத்துரைத்து, எல்லா உறுப்பினர்களின் தோட்டங்களிலும் சங்கமே முறை வைத்துக் கவாத்து செய்யும் திட்டத்தை முன்மொழிந்தேன். குழு அதை ஏற்றுக்கொண்டது.

இத்திட்டத்தில் நாள் குறித்த விதம் பற்றிச் சில உறுப்பினர்களுக்கு மனவருத்தம் இருப்பதாக அறிகிறேன். ஆகவே அதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டியுள்ளது. மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை இழக்க, குளிர்ந்து கனத்த காற்று சரிவுகளில் வழிந்து இறங்கிப் பள்ளங்களில் தேங்கிவிடுகிறது. அதனால்தான் காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும் காலையிலும், எல்க்ஹில் சரிவில் உள்ள வீடுகளில் வெறும் நீர்ப்பனியே காணப்படுகிறது. அரசு ரோஜா பூங்கா அந்தச் சரிவில்தான் அமைந்துள்ளது என்பதை உறுப்பினர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். அங்கு ஜனவரியிலேயே கவாத்து செய்கிறார்களே என்று பள்ளத்தில் உள்ளவர்களும் அதே நாளில் வெட்டினால், வெட்டிய இடத்தில் வரும் இளந்தளிர் உறைபனியில் கருகிவிடும். அதற்காகவே மேட்டுப் பகுதித் தோட்டங்களுக்கு ஜனவரி 12, 19 ஆகிய ஞாயிற்றுக்கிழமைகளையும், பள்ளப் பகுதித் தோட்டங்களுக்குப் பிப்ரவரி 2, 9 ஆகிய ஞாயிற்றுக்கிழமைகளையும் ஒதுக்கினேன். இதில் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. என் வீடும் பள்ளத்தில்தான் இருக்கிறது, என் தோட்டத்திற்கும் பிப்ரவரி 9 அன்றுதான் முறை வந்தது. காத்திருக்க மனமின்றி ஜனவரி முதல் வாரத்திலேயே ஆள் வைத்து வெட்டிய ஓர் உறுப்பினரின் செடிகளில், விரல் நீளம் வளர்ந்திருந்த தளிர்கள் அந்த மாதக் கடைசியில் ஒரே இரவில் கருகின. அவர் மீண்டும் கீழே இறக்கி வெட்ட நேர்ந்தது. அதைக் கண்டு நானும் மிகவும் வருந்தினேன்.

பழ மரங்களின் வேலையை இலையுதிர்ந்து மரம் உறங்கும் மார்கழியிலேயே, டிசம்பர் 22, 29 ஆகிய நாட்களில் முடித்தோம். இங்கு நான் வலியுறுத்த விரும்புவது, எல்லா மரத்தையும் ஒரே கையால் வெட்டக் கூடாது என்பதே. பீச் மரம் சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில்தான் காய்க்கும். ஆகவே பழங்கிளைகளைக் குறைத்து, புதுக்கிளைகளில் வேண்டிய அளவு விட வேண்டும். பிளம்ஸும் பேரியும் முதிர்ந்த கிளைகளின் மேல் உள்ள குட்டைக் காய்ப்புக் குச்சிகளில் காய்ப்பவை. பார்வைக்கு அழகாக இல்லை என்று அவற்றைச் சீவிவிட்டால் சில ஆண்டுகளின் மகசூல் போய்விடும். தேயிலைக் கவாத்தில் தேர்ந்த ஆட்களைக் கூலிக்கு அமர்த்தும் உறுப்பினர்கள், அவர்கள் பழகிய முறை வேறு என்பதை உணர்ந்து உடன் நின்று சொல்லித்தர வேண்டுகிறேன். ஹைட்ராஞ்சியாவைத் தரையோடு வெட்டிவிட்டதாக வந்த புகாரைப் பொறுத்தவரை, அந்த வீட்டில் எங்கள் குழுவினர் அச்செடியைத் தொடவே இல்லை. சென்ற ஆண்டுத் தண்டின் நுனியில் உறங்கும் மொட்டுதான் இவ்வாண்டுப் பூவாகிறது என்பதால், காய்ந்த பூங்கொத்தை மட்டும் கிள்ளி எடுத்தால் போதும் என்பதே நம் வகுப்பில் சொல்லப்பட்டது.

ரோஜாவில் காய்ந்த தண்டுகளையும், ஒன்றோடொன்று உரசும் தண்டுகளையும், ஒட்டுக் கட்டிய இடத்திற்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத் தண்டுகளையும் முதலில் நீக்கினோம். எஞ்சிய தண்டுகளை, வெளிப்பக்கம் நோக்கிய, தளிர் கிளம்பும் கண்ணுக்குச் சற்று மேலே சாய்வாக வெட்டினோம். ஒரு செடியின் நோய் அடுத்த செடிக்குச் செல்லாதபடி கத்திரியை ஸ்பிரிட்டால் துடைத்தோம். பெரிய வெட்டுகளில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசையைத் தடவினோம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் என்பதே அதன் அளவு. அதே சரக்கை 100 லிட்டரில் கரைத்தால் மரத்துக்குத் தெளிக்கும் கலவை ஆகும். கலவையில் நனைத்த இரும்புக் கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இந்தச் சோதனையைச் செய்யாமல் தெளித்து இலையைக் கருக்கிக்கொண்டவர்கள் முன்னர் நம்மிடையே உண்டு. நாற்றுகளையும் இளஞ்செடிகளையும், தாவரவியல் பூங்காவில் செய்வதுபோலவே கோத்தகிரி மிலார் என்னும் செடியைக் கொண்டு மூடினோம். மூடாமல் விடுபட்டவற்றுக்கு, வெயில் ஏறும் முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைக்கச் சொன்னோம்.

சோலைக் காட்டு மண் வாங்கித் தரவில்லை என்ற குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். காப்புக் காட்டுக்குள் இருந்து மக்கிய இலையையும் மேல்மண்ணையும் அள்ளிவருவது 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அதைவிட, அந்த மக்குதான் சோலையின் நீரைப் பிடித்துவைத்து நம் ஓடைகளுக்குத் தருகிறது. அதைத் தொட்டியில் நிரப்பி நம் பெட்டூனியாவை வளர்ப்பதை என்னால் ஒருபோதும் ஏற்க இயலாது. மாற்றாக, கவாத்துக் கழிவையும் உதிர்ந்த இலையையும் தொழுவுரத்தோடு அடுக்கி மக்க வைக்கும் குழி ஒன்றைச் சங்கக் கொட்டகையின் பின்புறம் தொடங்கியுள்ளோம். நோய் கண்ட ரோஜாத் தண்டுகளையும், எளிதில் மக்காத யூகலிப்டஸ் இலையையும் அதில் கொண்டுவந்து போட வேண்டாம்.

பயன் கண்கூடாகத் தெரிகிறது. மேட்டுப் பகுதித் தோட்டங்களில் இப்போதே ரோஜா பூத்துள்ளது. பள்ளப் பகுதியில் மொட்டு நிறைந்து நிற்கிறது. ஆனால் உழைத்த கைகள் மிகச் சில என்பதை நான் மறைக்க இயலாது. நம் உறுப்பினர் 43 பேர். முதல் ஞாயிறன்று 14 பேர் வந்தோம். கடைசி ஞாயிறன்று 5 பேர் மட்டுமே இருந்தோம், அன்று 9 தோட்டங்கள் பாக்கி இருந்தன. தம் தோட்டத்தின் முறை முடிந்த பின் அடுத்தவர் தோட்டத்திற்கு வராதவர்களின் பெயர்களை இங்கு வாசிக்கப் போவதில்லை. பனியில் காலை ஏழு மணிக்கே கத்திரி பிடித்தவர்களுள் எழுபது வயதைக் கடந்தோர் இருவர் என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன். வேலி சரியில்லாத இரு தோட்டங்களில் காட்டெருமைகள் புகுந்து நாற்றுகளை மேய்ந்துவிட்டன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மயில்துத்தம், சுண்ணாம்பு, மிலார், வண்டி வாடகை ஆகியவற்றுக்குச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடிற்று; கையிருப்பு அடுத்த குளிர்காலத்தைத் தாங்கும் அளவில் இல்லை. ஆண்டுச் சந்தா ரூ. 600-ஐ 19 பேர் இன்னும் செலுத்தவில்லை. அவர்களுள் எழுவருக்கு இது இரண்டாம் ஆண்டு நிலுவை. நிலுவை உள்ளவர்களின் தோட்டங்களிலும் பாகுபாடின்றிக் கவாத்து செய்தோம் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆலோசனை வழங்கிய தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், கொட்டகைக்கு இடம் தந்தவருக்கும், ஞாயிறுதோறும் தேநீர் அளித்த குடும்பங்களுக்கும், தலைவர், பொருளாளர் ஆகியோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இத்திட்டம் தொடர வேண்டுமானால் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் டிசம்பருக்குள் கவாத்து கற்றிருக்கவும் வேண்டும். ஐந்து ஆண்டுகளாகச் செயலாளர் பொறுப்பில் இருக்கும் எனக்கு முழங்கால் வலி கூடிவிட்டது. சரிவுகளில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஏற முன்போல் இயலவில்லை. பொறுப்பிலிருந்து விலக விரும்புகிறேன் என்று நான் சொல்லவில்லை. மார்கழி பிறப்பதற்குள் பத்துப் பேர் தாமாகப் பெயர் கொடுத்தால், இன்னும் ஓராண்டு மனநிறைவோடு பணியாற்றுவேன். பெயர் எழுதுவதற்கான பதிவேடும் சந்தா ரசீதுப் புத்தகமும் வாசலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. கூட்டம் முடிந்த பின் அரை மணி நேரம் நான் அங்கேயே இருப்பேன்.

இவண்,
செயலாளர்
உதகமண்டலம், ஏப்ரல் 2025