ரத்தம் எடுக்கும் முன் சொல்லுங்கள்: மூட்டுவாத மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். முடக்குவாதத்தோடு பல வருடமாகக் காலம் தள்ளுகிறவள் நான். காலையில் விரல் மடங்காமல் பல் துலக்கக் காத்திருப்பவர்களிடம், 'உங்கள் மரபணுவைப் பார்த்து உங்களுக்கென்றே மருந்து' என்று சொன்னால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் முடக்குவாதத்துக்கு வழக்கமாகத் தரும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்கூட்டியே சொல்லும் மரபணுச் சோதனை எதுவும் வழக்கமான சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. இதை எங்களிடம் வாய்விட்டுச் சொல்கிறவர்கள் குறைவு.

சோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அசாதயோபிரின் மருந்தைத் தொடங்குமுன் மரபணு பார்ப்பது உயிர் காக்கும்; அந்த மருந்தைச் சிதைக்க முடியாத உடம்பில் வெள்ளணுக்கள் சரிந்துவிடும். அதிலும் அந்தச் சிதைவுக்கு உதவும் டி.பி.எம்.டி. (TPMT) மரபணுவை மட்டும் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதினால் போதாது. ஆசியர்களிடம் அதிகம் காணப்படுவது என்.யு.டி.டி.15 (NUDT15) என்ற இன்னொரு மரபணுவில் வரும் மாற்றம். எங்களுக்கு எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று கேட்டால் கோபப்படாதீர்கள்.

முதுகெலும்பு வாதத்தோடு தொடர்புள்ள ஹெச்.எல்.ஏ. பி27 (HLA-B27) மரபணுவின் கதை வேறு. 'பாசிட்டிவ்' என்று தாள் வந்ததும் வீடே கலங்கிப்போகிறது. அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு வாதம் வருவதே இல்லை என்பதைத் தாளில் எங்கும் காணோம். பிள்ளைக்கும் இருக்குமோ என்று பயந்து அவனை விளையாடவே விடாத பெற்றோரும் உண்டு. இத்தனைக்கும் அந்த நோய்க்கு உடற்பயிற்சிதான் வைத்தியத்தில் முக்கியமான பங்கு!

அப்புறம், தகவல். என் மரபணு என்னுடையது மட்டுமல்ல. தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. அமெரிக்காவில் 2008-இல் வந்த மரபணுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம்கூட மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும்தான் காக்கிறது, ஆயுள் காப்பீட்டை அல்ல. நிலைமை இப்படியிருக்க, பேனா பிடிக்கவே முடியாத கையில் பொடி எழுத்துப் படிவத்தைக் கொடுத்து 'கடைசிப் பக்கத்தில் ஒரு கையெழுத்து' என்றால் எப்படி?

எங்கள் கோரிக்கை பெரிதல்ல. இந்த முடிவு வந்தால் எந்த மருந்தை மாற்றுவீர்கள் என்று ரத்தம் எடுக்கும் முன்பே சீட்டில் ஒரு வரி எழுதுங்கள். எதுவும் மாறாது என்றால் அதையும் எழுதுங்கள். செலவழிப்பதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். மாதிரியை ஆய்வுக்கும் வைத்துக்கொள்வதாக இருந்தால் அதற்குத் தனிப் படிவம் கொடுங்கள். 'வேண்டாம்' என்றாலும் சிகிச்சை மாறாது என்பது அதன் முதல் வரியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
முடக்குவாத நோயாளி ஒருத்தி