முதுகில் நெட்டி எடுக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும்போது பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் வலையும் படகும் பழுது பார்ப்பார்கள். வருடம் முழுக்கத் தள்ளிப்போட்ட இடுப்புவலிக்கு வைத்தியம் தேடுவதும் அப்போதுதான். செல்போனில் ஓடும் கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பைக் கையால் அழுத்தி முறுக்கி நெட்டி எடுக்கும் வைத்திய வீடியோவைப் பார்த்து, ஒரு முறுக்கு முறுக்கினால் சரியாகிவிடும் என்று நம்பி வெளியூர் போகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கீழக்கரை, தொண்டியில் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாப்பா உம்மாவுக்கு மசாஜ் நாற்காலி வாங்கி வைக்கிறார்கள். இரண்டிலும் பலன் உண்டு. ஆனால் யாருக்கு, எவ்வளவு என்று தெரியாமல் இறங்கினால் கேடும் உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த 'டக்' சத்தம். விலகிய எலும்பு இடம் சேர்ந்ததால் வருகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறையும்போது வாயுக் குமிழி உண்டாகிறது, சத்தம் அதனுடையது. விரலில் நெட்டி முறிப்பதும் இதே கதைதான், அதனால்தான் முறித்த விரலில் உடனே மறுபடி சத்தம் வருவதில்லை. 1895இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் டேனியல் டேவிட் பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, எலும்பு விலகல்தான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்றார். அந்த விளக்கம் நிற்கவில்லை. ஆனால் இடுப்புவலிக்கு இந்தக் கைவேலை ஓரளவு உதவுகிறது என்பது உண்மை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் நாள்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, மசாஜ் இவற்றோடு இதற்கும் இடம் கொடுத்திருக்கிறது. இடுப்பு பெல்ட்டையும், எடை கட்டி இழுப்பதையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மருந்துக் கடையில் பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கைரோபிராக்டிக் படிப்புக்கு நான்கு ஆண்டில் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்பது அதே நிறுவனம் வகுத்த அளவு. நம் நாட்டில் இதற்கெனத் தனி கவுன்சில் இல்லாததால் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். எனவே என்ன படித்தீர்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். படுக்கவைத்து நீட்டிய காலைத் தூக்கிப் பார்த்தாரா, முழங்காலிலும் கணுக்காலிலும் சின்ன ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தாரா, பெருவிரலை மேலே தூக்கச் சொன்னாரா என்று கவனியுங்கள். எதுவும் பார்க்காமல் நேரே முறுக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தை வெடுக்கென்று திருப்ப ஒருபோதும் விடாதீர்கள். அங்கே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அரிது. வந்தால் மீட்பது கடினம்.

மாலையில் காய்ச்சல், உடம்பு இளைப்பு, ராத்திரி படுத்தாலும் விடாத வலி, நடுமுதுகில் புடைப்பு. இவை முதுகெலும்புக் காசநோயின் அடையாளமாக இருக்கலாம். நம் ஊரில் இதை மறந்தே போகிறோம். அரித்த எலும்பை முறுக்கினால் நொறுங்கி, தண்டுவடம் நசுங்கும். முறையாக மருந்து எடுத்தால் குணமாகும் நோய் இது. அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்கள், நாள்பட ஸ்டீராய்டு மாத்திரை போடுகிறவர்கள், எலும்பு தேய்ந்த முதிய பெண்கள், ஆள் விட்டு முதுகில் மிதிக்கச் சொல்வது உட்பட எதற்கும் இடம் தரக்கூடாது. சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, பாதம் தொங்கினாலோ காத்திருக்காமல் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மசாஜ் நாற்காலி இறுகிய தசையைத் தளர்த்தும், அவ்வளவுதான். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துவதை அது சரிசெய்யாது. உள்ளே இரண்டு உருளைகள் முதுகெலும்பின் இருபுறமும் ஏறி இறங்குகின்றன. ஒல்லியானவர்களுக்கு அவை எலும்பு முள்ளிலேயே இடிக்கும். நடுவில் ஒரு தலையணை போட்டுக்கொள்ளலாம். குள்ளமானவர்களுக்கு தோளில் நிற்க வேண்டிய உருளை கழுத்தில் ஏறிவிடும், தோள் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். குறைந்த வேகத்தில் 15 நிமிடம், ஒரே இடத்தில் 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மறுநாள் அடிபட்டதுபோல வலித்தால் அழுத்தம் அதிகம் என்று பொருள். சர்க்கரை நோயில் கால் மரத்தவர்கள் நாற்காலியின் சூட்டை அணைத்துவிட வேண்டும். கொப்புளம் வந்தபின்தான் தெரியும். காலில் ரத்தம் உறைந்தவர்களுக்கு, நாற்காலியில் காலை இறுக்கிப் பிடிக்கும் காற்றுப்பை ஆகாது. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் உட்காரக் கூடாது. உறை கிழிந்திருந்தால் துப்பட்டாவும் முடியும் உருளையில் சிக்கும். உப்புக் காற்றில் உள்ளே இருக்கும் இணைப்புகள் பச்சை பூக்கும் என்பதால் கடலைப் பார்த்த ஜன்னலோரம் வைக்காதீர்கள், எர்த் உள்ள பிளக்கில் மட்டும் போடுங்கள்.

இவற்றைவிட அந்த 61 நாள் பெரிய வரம். முதுகுத் தசை தேறுவதற்குப் போதுமான எட்டு வாரம் அதில் இருக்கிறது. கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, வலக்கையும் இடக்காலும் நீட்டிப் பத்து விநாடி, பிறகு மாற்றி, பக்கத்துக்கு ஆறு தடவை. ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பத்து விநாடி. குப்புறப் படுத்துக் கையை ஊன்றி நெஞ்சை மட்டும் எழுப்புவது பத்து தடவை. இதில் கால்வலி இடுப்பை நோக்கி ஏறினால் நல்லது. பாதத்தை நோக்கி இறங்கினால் நிறுத்திவிட வேண்டும். தினமும் அரைமணி நடை. வலி என்று ஒரு வாரம் படுத்தே கிடந்தால் தசை இன்னும் தளர்ந்துபோகும்.

தொழில் தொடங்கியதும் 50 கிலோ ஐஸ் பாரை ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள். மீன் பெட்டியை வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள். கை நீட்டிப் பிடித்தால் அதே எடை இடுப்பில் பல மடங்காக இறங்கும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் காலை எடுத்து வைத்துத் திரும்புங்கள்.

பெண்களுக்கு இந்த ஓய்வும் இல்லை. நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று பாசி மிதவையை இழுப்பவர்களும், தரையில் குந்தி மீன் பிரிப்பவர்களும் நாள் முழுக்கக் குனிந்தேதான் இருக்கிறார்கள். மீன் இறங்குதளங்களில் புதிதாகக் கொட்டகை போடும்போது, நின்றுகொண்டே பிரிக்க முழங்கைக்கு ஒரு சாண் கீழே வரும் உயரத்தில் மேடை கட்டித்தர மீன்வளத் துறையை உங்கள் இதழ் மூலமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்,
இராமநாதபுரம்.