புளியங்கொட்டைக் கணக்கு

தேரூர்,
10.8.2025

அன்பு மக்களே,

போன சனிக்கிழமை நீ போனில் பேசியது இன்னும் காதில் கிடக்கிறது. சிங்கப்பூரில் உலக நீச்சல் போட்டியில் அமெரிக்கக்காரி கேட்டி லெடெக்கி நீந்தியதைப் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டிய குரலில், "அம்மா, லெடெக்கி ஜெயித்துவிட்டாள்" என்று கத்தினாய். அப்புறம் குரல் இறங்கி, "அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. எனக்கு இனி என்ன அம்மா" என்றாய். பதில் தெரியாமல், சாப்பிட்டாயா என்று கேட்டேன். போனில் எனக்கு அதுதான் வாய்க்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் உன் அத்தை மகன் வந்து அந்த 800 மீட்டரை முழுசாகப் போட்டுக் காட்டினான். எட்டு நிமிடமும் கை வீசுவதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்ட உன் அப்பா, நான்காவது நிமிடத்தில் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். லெடெக்கி 8:05.62. அடுத்து வந்த ஆஸ்திரேலியப் பெண் பாலிஸ்டர் 8:05.98. மூன்றாவது, பதினெட்டே வயதான கனடாக்காரி மெக்கின்டோஷ். இத்தனை நேரம் நீந்திவிட்டு முதல் இருவருக்கும் நடுவில் அரை விநாடிகூட இல்லை. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் இதே பந்தயத்தில் இரண்டாவதாக வந்தவள் சுவரைத் தொடும்வரை லெடெக்கி 11 விநாடிக்கு மேல் காத்திருந்தாள். அப்போது எதிரே ஆளே இல்லை. இப்போது பக்கத்துக்கு ஒருத்தி நெருக்குகிறாள். இந்த வெற்றிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவள் நீச்சலை உற்றுப் பார்த்தேன். இரண்டு கையும் ஒரே தாளத்தில் விழவில்லை. ஒரு கை நீண்டு போகிறது, மற்றது சட்டென்று வந்து விழுகிறது, நொண்டிக்கொண்டே ஓடுகிறவர்களைப்போல. குதிரைப் பாய்ச்சல் என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறதாம். நாகர்கோவிலில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவர், "உங்கள் பெண் தண்ணீரில் நொண்டுகிறாள்" என்று ஒரு வருடம் முழுக்க உன்னைத் திருத்தப் பார்த்தாரே! அவரை இதைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

2012 ஞாபகம் இருக்கிறதா? அந்த வருட மின்வெட்டை யார் மறப்பார்கள். லண்டன் ஒலிம்பிக்கின் 800 மீட்டர் இறுதிப் பந்தயம் நம் கணக்கில் நள்ளிரவுக்கு மேல். நீ படுக்காமல் உட்கார்ந்திருந்தாய். பந்தயம் தொடங்குமுன் கரண்ட் போய்விட்டது. பனையோலை விசிறியோடு திண்ணையில் கிடந்துவிட்டு, பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி 8:14.63-இல் தங்கம் வாங்கினாள் என்று பிறகு பத்திரிகையில்தான் படித்தாய். "அம்மா, என் வயது" என்று அன்றும் சொன்னாய். அப்போது அந்தச் சொல்லுக்குச் சிறகு இருந்தது.

இப்போது அவள் கணக்கில் ஒலிம்பிக் பதக்கம் 14, அதில் தங்கம் 9. லண்டன், ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று நான்கு ஒலிம்பிக்கிலும் 800 மீட்டர் தங்கம் அவளுக்குத்தான். இதெல்லாம் என்னைவிட உனக்குத்தான் நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது 1500 மீட்டரைப் பற்றி. ஆண்களுக்கு 1908-லிருந்தே ஒலிம்பிக்கில் அந்தப் பந்தயம் உண்டு. பெண்களுக்கு 1968-இல் 800 வரை கொடுத்துவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டார்கள். 1500 கிடைத்தது டோக்கியோவில், 2021-இல்தான். பிறந்த குழந்தை பல்லுப்போன பாட்டியாகிச் செத்தும்போகிற காலம் அது. யார் நினைத்தார்களோ, பெண்ணுக்கு மூச்சுப் போதாது என்று!

நம் குளத்தில் எனக்கு யாரும் நீச்சல் சொல்லிக்கொடுக்கவில்லை. காய்ந்த தேங்காய் இரண்டைக் கட்டிக் கழுத்தில் போட்டு என் அண்ணன் தள்ளிவிட்டான், அவ்வளவுதான். பத்து வயதில் படித்துறையிலிருந்து எதிர்க்கரைப் பனை வரை ஆறு தடவை போய் வருவேன். பெரியவளான பிறகு ஒருநாள் துவர்த்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, உன் ஆச்சி வாசலில் நின்று, "இனி என்ன குளம்?" என்றாள். எனக்குப் பதின்மூன்று. அதற்குப் பிறகு முங்கிக் குளிப்பதோடு சரி.

அதே வாயால்தானே நான் உன்னிடம் சொன்னேன். நீ பிளஸ் டூவில் சேர்ந்த வருடம், திருநெல்வேலியில் போட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நீ நான்காவதாக வந்திருந்தாய். ஆரல்வாய்மொழியில் காற்று பஸ்ஸையே உலுக்கியது. உன் தலை ஈரம். ஜன்னலைச் சாத்தச் சொன்னேன், நீ சாத்தவில்லை. "போதும் மக்களே, இனி என்ன நீச்சல், மார்க்கைப் பார்" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் மடியில் இருந்த துவர்த்தின் நுனியைப் பிழிந்துகொண்டே வந்தாய். அது எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது. என் அம்மா ஊருக்குப் பயந்து சொன்னாள், நான் மார்க்குக்குப் பயந்து சொன்னேன். நீ படித்து வேலைக்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை, அதை மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் படிப்புக்கும் நீச்சலுக்கும் சண்டை மூட்டியவள் நான்தான்.

டோக்கியோவில் ஒரே காலையில் நடந்ததைக் கேள். 200 மீட்டரில் லெடெக்கி ஐந்தாவதாக வந்தாள். ஒலிம்பிக் இறுதிப் பந்தயத்தில் பதக்கம் இல்லாமல் கரையேறியது அதுதான் முதல் தடவை. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கழித்துப் பெண்களுக்கான முதல் 1500 மீட்டருக்கு இறங்கி, 15:37.34-இல் தங்கம் எடுத்தாள். நடுவில் இருந்த அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் என்னைப்போல ஓர் அம்மா உட்கார்ந்திருக்கவில்லை போலும்.

இன்னொன்று. 800 மீட்டரில் அவள் ரியோவில் போட்ட உலக சாதனை 8:04.79. அதை வேறு யாரும் தாண்டவில்லை. இந்த மே மாதம் அவளே 8:04.12-ஆகக் குறைத்திருக்கிறாள். ஏறக்குறைய ஒன்பது வருடம் உழைத்து 0.67 விநாடி. அரிசி களைகிற கை ஒரு சுற்றுச் சுற்றும் நேரம்கூட இல்லை. பத்தொன்பது வயதில் செய்ததை இருபத்தெட்டில் அந்த அளவு நன்றாகச் செய்திருக்கிறாள். உன்னை ஒலிம்பிக்குக்குப் போகச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே, எனக்கு அவ்வளவு கிறுக்குப் பிடிக்கவில்லை. "இனி என்ன" என்ற சொல்லை உன் வாயிலிருந்து கேட்டது பொறுக்கவில்லை, அவ்வளவே. அது என்னிடமிருந்து வந்தது. நானே திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நீந்துகிறவர்களுக்குச் சுற்றுக் கணக்குத் தெரிய, சுவரோரம் தண்ணீருக்குள் எண் எழுதிய பலகையைக் காட்டுகிறார்கள், பார்த்தேன். நீ சின்னப் பிள்ளையாகக் குளத்தில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வரும்போது நான் படியில் புளியங்கொட்டை வைத்து எண்ணியது நினைவு வந்தது. இருபது ஆனதும் நீ கத்துவாய், நான் வேண்டுமென்றே பத்தொன்பது என்பேன்.

நேற்று அப்பா கயிறு எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வந்து, "படித்துறையிலிருந்து பனை வரை அறுபது மீட்டர்" என்றார். அப்படியானால் 1500 மீட்டருக்கு இருபத்தைந்து கொட்டை. கழுவிக் காயவைத்திருக்கிறேன். சித்திரை ஆனால் தண்ணீர் இறங்கிச் சேறு தட்டும், பொங்கலுக்கே வந்துவிடு. வடக்கு மூலையில் தாமரைக் கொடி படர்ந்து கிடக்கிறது, காலைச் சுற்றும், அந்தப் பக்கம் மட்டும் போக வேண்டாம்.

உன் அம்மா