நிண்டெண்டோவுக்கு ஒரு திறந்த மடல்: எங்களையும் கணக்கில் சேருங்கள்

ஜப்பானின் வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா அவர்களுக்கும், எந்த நாட்டுக்கு எத்தனை கன்சோல் (கேம் கருவி) என்று கியோட்டோவில் உட்கார்ந்து முடிவு செய்பவர்களுக்கும்,

வணக்கம். தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். 2025 ஜூன் 5 அன்று உங்கள் புதிய கன்சோலான ஸ்விட்ச் 2 விற்பனைக்கு வந்த நாடுகளில் இந்தியா இல்லை. 2017 மார்ச்சில் முதல் ஸ்விட்ச் வந்தபோதும் இல்லை. அந்த முதல் ஸ்விட்ச் உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றுவிட்டது. இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் இந்தியா உங்கள் கண்ணில் படவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இங்கே ஸ்விட்ச் கிடைக்காமல் இல்லை. சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பர்மா பஜாரிலும் விசாரித்தால் கிடைக்கும், ஆன்லைனிலும் கிடைக்கும். எல்லாம் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த இம்போர்ட் பீஸ். விலை கடைக்குக் கடை மாறும், பில் கேட்டால் தயங்குவார்கள், வாரண்டி என்பது அந்தக் கடைக்காரர் வாயால் சொல்லும் உத்தரவாதம் மட்டும்தான். ஸ்விட்சின் கைப்பிடிக் கட்டுப்பாட்டுக் கருவியான ஜாய்கானில், யாரும் தொடாமலே குச்சி நகர்ந்ததுபோல கேம் ஓடும் அந்தப் பழைய தொல்லைக்கு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இலவசமாகப் பழுது பார்த்துக் கொடுத்தீர்கள். இங்கே ஒருவர் அதே கோளாறோடு செல்போன் ரிப்பேர் கடைக்குத்தான் போக வேண்டும், அங்கே பையன் நன்றாகச் செய்து கொடுத்தால் அவருடைய அதிர்ஷ்டம்.

இதில் ஸ்விட்ச் 2 இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்திருக்கிறது. 2025இல் உங்கள் நாட்டு மக்களுக்காக ஜப்பானிய மொழி மட்டும் கொண்ட கருவியை 49,980 யென்னுக்கும், பல மொழிக் கருவியை 69,980 யென்னுக்கும் விற்கத் தொடங்கினீர்கள். யென் மதிப்பு விழுந்திருக்கும் நேரத்தில் ஜப்பான் குடும்பங்களுக்கு விலையைக் குறைத்து வைத்தது நல்ல முடிவு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த மலிவான கருவி அங்கிருந்து கிளம்பி இங்கே ஒரு கடை அலமாரிக்கு வந்துவிட்டால், விவரம் தெரியாத ஒரு அப்பா பிள்ளையின் பிறந்தநாளுக்கு அதை வாங்கிப்போய் வீட்டில் திறந்து பார்க்கும்போதுதான் மொழியை மாற்றவே முடியாது, ஜப்பானைத் தேர்ந்தெடுத்த நிண்டெண்டோ கணக்கைத் தவிர வேறு கணக்கை அதில் இணைக்கவும் முடியாது என்று தெரியவரும். முறையான விற்பனை இருக்கும் ஊரில் இந்த ஏமாற்றத்துக்கு இடமே இல்லை.

அப்புறம் உங்கள் விற்பனைக் கணக்கு விஷயம். இந்தியாவுக்கென்று உங்கள் ஆன்லைன் கேம் கடையான இ-ஷாப் இல்லாததால் இங்கே பலர் தங்கள் நிண்டெண்டோ கணக்கில் அமெரிக்காவையோ வேறு நாட்டையோ தேர்ந்தெடுத்து, கிஃப்ட் கார்டு வாங்கி கேம் வாங்குகிறார்கள். அப்படி வாங்குவதெல்லாம் அமெரிக்காவின் விற்பனையாகத்தானே உங்களிடம் பதிவாகும்? பிறகு இந்தியாவில் ஆள் இல்லை என்று எண்களை வைத்து முடிவு செய்தால், அந்த எண்களில் நாங்கள் எப்படித் தெரிவோம்? கடை திறக்காததால் வாடிக்கையாளர் தெரியவில்லை, வாடிக்கையாளர் தெரியாததால் கடை திறக்கவில்லை. இந்த வட்டத்தை உடைக்க உங்களால் மட்டும்தான் முடியும்.

உங்கள் தயக்கத்தின் காரணம் ஓரளவு புரிகிறது. ஸ்விட்சுக்கு முந்தைய உங்கள் கன்சோலான வீ யூ வெறும் 1.35 கோடிதான் விற்றது, அந்த அடிக்குப் பிறகு சூடுபட்ட பூனைபோல எதையும் குறைவாகவே கணித்தீர்கள். 2016 நவம்பரில் வந்த, உங்கள் பழைய கன்சோலின் குட்டி வடிவமான என்இஎஸ் கிளாசிக் கடைகளில் நிற்கவே இல்லை, ஆனாலும் அடுத்த ஏப்ரலில் அதை நிறுத்திவிட்டு, 2018இல் மறுபடி கொண்டுவந்தீர்கள். வேண்டுமென்றே தட்டுப்பாட்டை உண்டாக்குகிறீர்கள் என்று பலர் திட்டினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வாங்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைத்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் குறைத்து மதிப்பிடுகிறீர்கள்.

ஆனால் ஸ்விட்ச் 2இல் வேறு நிண்டெண்டோவைப் பார்த்தேன். முதல் நான்கு நாளில் 35 லட்சம் விற்கும் அளவுக்குச் சரக்கு தயாராக இருந்தது. ஜப்பானில் யாருக்குக் கருவி கிடைக்கும் என்று முடிவு செய்த குலுக்கலுக்கு 22 லட்சம் பேர் பதிவு செய்ய, அத்தனை பேருக்கும் கொடுக்க முடியாது என்று நீங்களே முன்வந்து மன்னிப்புக் கேட்டீர்கள். 50 மணி நேரமாவது ஸ்விட்ச் விளையாடியவர்கள்தான் அந்தக் குலுக்கலில் சேரலாம் என்று நிபந்தனை வைத்து, வாங்கிப் பதுக்கி விற்பவர்களை ஒதுக்கினீர்கள். மறுவிற்பனைத் தளங்களோடும் பேசி ஒப்பந்தம் போட்டீர்கள். இவ்வளவு கவனமாக ஒரு நாட்டின் ரசிகர்களைப் பாதுகாக்கத் தெரிந்த நிறுவனம், இன்னொரு நாட்டின் ரசிகர்களை முழுக்கவே இடைத்தரகர்கள் கையில் விட்டுவைத்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வரி அதிகம், இந்தியர்கள் மொபைலில்தான் விளையாடுவார்கள், விலையைப் பார்ப்பார்கள் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். எல்லாம் உண்மைதான். அதே இந்தியாவில்தான் மைக்ரோசாஃப்ட் 2020 நவம்பர் 10 அன்று, மற்ற நாடுகளோடு ஒரே நாளில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸைக் கொண்டுவந்தது. சோனி கொஞ்சம் தாமதமாக, 2021 பிப்ரவரி 2 அன்று 49,990 ரூபாய்க்குப் பிளேஸ்டேஷன் 5ஐ இறக்கியது, முன்பதிவு சில நிமிடங்களில் தீர்ந்தது. அதே வரியைக் கட்டிக்கொண்டுதான் அவர்கள் வியாபாரம் செய்கிறார்கள்.

உங்கள் மரியோவை எங்களுக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதும் இல்லை. தொண்ணூறுகளில் வளர்ந்த எங்களில் பலருக்கு டிவி கேம் என்றாலே மரியோதான். மஞ்சள் கேசட்டைச் செருகி, கோடை விடுமுறை முழுக்க அண்ணன் தம்பி சண்டை போட்டு விளையாடினோம். அவை போலிக் கருவிகள், உங்களுக்கு ஒரு பைசா வந்திருக்காது. அன்று அதை விட்டால் எங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று அந்தத் தலைமுறை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறது, பிள்ளைகளுக்கு அசல் வாங்கிக் கொடுக்க ஆசைப்படுகிறது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பொறுப்பான ஒரு விநியோகஸ்தர், சென்னை உட்பட நான்கைந்து நகரங்களில் சர்வீஸ் சென்டர், ரூபாயில் விலை போட்டு யுபிஐ ஏற்கும் இ-ஷாப். முதல் வருடம் சரக்கு குறைவாக வந்தாலும் சரி, ஜப்பானில் வைத்ததுபோல இங்கேயும் பதிவும் குலுக்கலும் வையுங்கள், காத்திருந்து வாங்கிக்கொள்கிறோம். அந்தப் பதிவில் எத்தனை பெயர் சேர்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த வருடத்துச் சரக்கை முடிவு செய்யுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு நிண்டெண்டோ ரசிகன்