ஸ்பெல்லிங்க விடுங்க, அட்ரஸ பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ஆன்லைன் மோசடி பத்தி போன வாரம் நீங்க போட்ட கட்டுரை நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ‘மெயில்ல இங்கிலீஷ் தப்புத் தப்பா இருந்தா அது போலி’ன்னு எழுதுனது மட்டும் எனக்கு ஒப்பல. நான் குமுளியில ஆன்லைன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், வர்றவங்கள்ல நெறையப் பேரு ஏலத்தோட்டத்துல வேலை பாக்குற நம்ம ஆளுங்க, தமிழும் மலையாளமும் பொளந்து கட்டுவாங்க, இங்கிலீஷ்னா எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அவங்க எங்கிட்டுப் போயி கிராமர் தப்பு கண்டுபிடிக்க? போதாக்குறைக்கு ஏஐ வந்தப்புறம் திருட்டுப்பய மெயில்தான் கம்பெனி மெயில விட சுத்தமா இருக்கு.

ஆனா எழுத்துக்கூட்டத் தெரிஞ்சா போதும், அட்ரஸ பாத்துறலாம். தோட்டத்து சூப்பர்வைசர் அண்ணன் ஒருத்தரு “தம்பி, ஸ்பிரேயருக்கு ரீஃபண்ட் வந்திருக்காம்ல”ன்னு போன நீட்டுனாரு. லோகோ, கலரு எல்லாம் அச்சு அசலு, அனுப்புனவர் பேரும் அமேசான்னுதான் இருக்கு. அந்தப் பேர தொட்டா கீழ நிஜ ஐடி விரியும்ல, அதுல எம் (m) இருக்கவேண்டிய எடத்துல ஆரும் என்னும் (rn) ஒட்டிக்கிட்டு நிக்குது. பெருசாக்கிக் காட்டுனதும் “அடப்பாவி”ன்னாரு.

லிங்க்கும் அப்படித்தான், தட்டாம அமுக்கிப் புடிச்சா முழு அட்ரஸும் தெரியும். அந்த ரெண்டு சாய்வுக் கோட்டுக்கு (//) அப்புறம் வர்ற முதல் ஒத்தக் கோடு (/) வரைக்கும் பாருங்க, அதுக்கு முன்னாடி புள்ளி வச்சுப் பிரிச்சு நிக்குற கடைசி ரெண்டு துண்டுதான் நிஜ ஓனரு (கோ டாட் இன் மாதிரி முடிஞ்சா மூணு துண்டு). அதுக்கும் முன்னால அமேசான், பேபால்னு (ஆன்லைன்ல பணம் கட்டுற கம்பெனி) என்ன வேணா ஒட்டிக்கலாம், பஸ் போர்டுல எந்த ஊர் பேரும் எழுதலாம், நம்பர் பிளேட்டத்தான பாக்கணும். பூட்டுப் படம் இருக்கேன்னு நம்பாதீங்க, போலி சைட்டுக்கும் அது கிடைக்கும். பேபால்ல ரூபா கட்டிட்டீங்கன்னு வர்ற மெயில் இன்னும் சிரிப்பு, இந்தியாவுக்குள்ள பணம் கட்டுற வசதிய அவங்க 2021 ஏப்ரல்லயே நிறுத்திட்டாங்க. ரீஃபண்ட் வாங்க யுபிஐ பின் கேட்டா அது திருட்டேதான், பின் போட்டா பணம் போகத்தான் செய்யும், வராது.

பேங்குகளுக்கு ரிசர்வ் பேங்க் ‘பேங்க் டாட் இன்’னு தனி முகவரி கொடுத்து 2025 அக்டோபர் 31-க்குள்ள மாறச் சொல்லுச்சு, நல்ல காரியம். ஷாப்பிங் சைட்டுக்கு அப்படி எதுவும் இல்ல, நம்மதான் கண்ண தொறந்து பாக்கணும்.

பணம் போயிருச்சுன்னா கேரளா ஸ்டேஷனா தமிழ்நாடு ஸ்டேஷனான்னு இந்த பார்டர்ல நின்னு யோசிச்சுக்கிட்டு இருக்க வேணாம், சைபர் மோசடிக்குன்னே இருக்குற 1930 நம்பருக்கு அடிங்க, பேங்குக்கும் அப்பவே சொல்லுங்க. நாமளே பாஸ்வேர்டு, ஓடிபி கொடுத்திருந்தாக்கூட, பேங்க்ல சொன்னதுக்கு அப்புறம் போற பணத்துக்கு பேங்குதான் பொறுப்புன்னு ரிசர்வ் பேங்க் 2017-லயே சர்க்குலர் போட்டுச்சு. அப்படிக் கொடுத்துட்டா, சொல்றதுக்கு முன்னாடி போனது நம்ம தலையிலதான்.

அடுத்த தடவை போடும்போது நிஜ அட்ரஸ் ஒண்ணு, போலி அட்ரஸ் ஒண்ணு பக்கத்துல பக்கத்துல பெரிய எழுத்துல படமாவே போட்ருங்க சார், வெட்டி கடைச் செவுத்துல ஒட்டிக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குமுளி