லூமென் பெரிதாக இருந்தால் டார்ச் நல்லதாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேட்டைக்கும், அன்றாடம் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளவும் ஏற்ற டார்ச் லைட்டுகள் என்று போன ஞாயிறு இணைப்பில் நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். ஐந்து டார்ச்சுகளை எடுத்துக்கொண்டு, அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் லூமென் எண்ணை, அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவைப் பார்த்து, பெரிய எண்ணுக்கு முதல் இடம், சின்ன எண்ணுக்குக் கடைசி இடம் என்று வரிசை கட்டியிருக்கிறீர்கள். எழுதியவர் அந்த ஐந்தில் ஒன்றையாவது கும்மிருட்டில் கையில் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் நடந்து பார்த்திருந்தால் வரிசை அப்படி வந்திருக்காது. இருபது வருடத்துக்கும் மேலாக உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவன், அந்தக் காலம் பூராவும் டார்ச் வாங்கி ஏமாந்தவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

ஏமாந்த கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன் 3000 லூமென் என்று போட்ட, உள்ளங்கையில் அடங்குகிற ஒரு டார்ச்சை ஆசையாக வாங்கினேன். வாசலில் நின்று அடித்துப் பார்த்தபோது பகல் மாதிரி இருந்தது. அந்த வாரமே, அந்தி சாயும் நேரத்தில் சுட்ட ஒரு காட்டுப்பன்றி அடிபட்டுப் புதருக்குள் ஓடிவிட்டது. அடிபட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது, ரத்தத் தடம் பிடித்துப் போய்த்தான் ஆக வேண்டும். கொஞ்ச நேரம் பொறுத்திருந்துவிட்டு, புது டார்ச்சைப் போட்டுக்கொண்டு நடந்தோம். இரண்டு நிமிடம் பிரமாதம். மூன்றாவது நிமிடத்தில் டார்ச்சின் கழுத்து கையைச் சுட்டது, வெளிச்சம் தானாகவே கால் பங்குக்கு இறங்கிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரத்தமே தெரியவில்லை என்பதுதான் கொடுமை. நீலம் பாய்ந்த அந்த வெள்ளை வெளிச்சத்தில் சருகு, ஈர மண், ரத்தத் துளி எல்லாம் ஒரே கரும்பழுப்பு. கூட வந்த நண்பர் ஒன்றும் பேசாமல் தன் பையிலிருந்து ஒரு பழைய குண்டு பல்பு டார்ச்சை எடுத்தார், அவருடைய அப்பா வைத்திருந்தது, ஒரு தட்டு தட்டினால்தான் எரியும். அந்த மங்கல் மஞ்சள் வெளிச்சம் பட்டதும் சருகின் மேல் ஒரு துளி பளிச்சென்று சிவப்பாக நின்றது. நான் அதே சருகை இரண்டு தடவை தாண்டிப் போயிருந்தேன். அடுத்த துளி ஒரு புல்லின் தாளில், முழங்கால் உயரத்தில். அப்படியே பிடித்துக்கொண்டு போனதில் நூறு அடிக்குள் பன்றி கிடந்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு ஒழுங்காகக் காட்டுகிறது என்பதற்கு சிஆர்ஐ என்று ஒரு கணக்கு உண்டு, உச்சம் 100. குண்டு பல்பு கிட்டத்தட்ட நூறைத் தொடும், ஏனென்றால் அது சூடான கம்பியின் ஒளி, சிவப்பு தாராளமாக இருக்கும். லூமென் எண்ணை ஏற்றுவதற்காகவே செய்யப்படும் வெள்ளை எல்இடிகளில் பல 70 சொச்சத்தில் நிற்கும், அவற்றில் அடர் சிவப்புதான் முதலில் அடிபடும். இன்னொரு சூட்சுமம், சிஆர்ஐ எண் எட்டு நிறங்களின் சராசரி, அந்த எட்டில் அடர் சிவப்பு இல்லை. அதற்கு ஆர்9 என்று தனி எண் வைத்திருக்கிறார்கள். நல்ல தயாரிப்பாளர்கள் அதையும் சொல்வார்கள். 90-க்கு மேல் சிஆர்ஐ, கொஞ்சம் மஞ்சள் சாயல், அதாவது ஒளியின் சாயலைச் சொல்லும் கெல்வின் எண் 4000 அல்லது அதற்குக் கீழ் என்றால் தடம் பார்க்க அருமையாக இருக்கும். லூமென் கொஞ்சம் குறையும், குறையட்டும். உங்கள் கட்டுரையில் 'நீல விளக்கில் ரத்தம் ஒளிரும்' என்று ஒரு வரி வருகிறது, தயவுசெய்து திருத்தம் போடுங்கள். குற்றம் நடந்த இடத்தில் நீலமாக ஒளிர்வதாகக் காட்டுகிறார்களே, அது லூமினால் என்ற ரசாயனத்தைத் தெளிப்பதால் வருவது. வெறும் நீல விளக்கில் ரத்தம் ஒளிராது, கருப்பாகத்தான் தெரியும்.

சரி, லூமென் கணக்குக்கு வருகிறேன். லூமென் என்பது டார்ச்சிலிருந்து எல்லாப் பக்கமும் வெளியே வரும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த எண் சொல்லாது. தோட்டத்துக் குழாயில் வரும் தண்ணீர் அதே அளவுதான், வாயைக் கட்டைவிரலால் அமுக்கினால் எதிர்ச் சுவர் வரை பீய்ச்சும், விட்டால் காலடியில் கொட்டும். அந்த அமுக்கலைச் சொல்கிற எண்தான் கேண்டெலா. 2009-ல் அமெரிக்காவில் எஃப்எல்1 என்று டார்ச்சுகளுக்காக ஒரு தர அளவீடு கொண்டுவந்தார்கள், அதைப் பின்பற்றும் பெட்டிகளில் 'தூரம்' என்று ஒரு எண் இருக்கும். ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள், அது 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரை உள்ள தூரம் அது, அதாவது ஏறக்குறைய முழு நிலவு வெளிச்சம். கேண்டெலாவின் வர்க்க மூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் அந்தத் தூரம் வந்துவிடும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர், 40,000 என்றால் 400 மீட்டர். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமானால் நான்கு மடங்கு செறிவு வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதிலும் நிலா வெளிச்சத்தில் அங்கே என்னவோ நிற்கிறது என்றுதான் தெரியும், அது பன்றியா, பக்கத்து வீட்டு நாயா, குனிந்திருக்கும் மனிதனா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆகவே பெட்டியில் உள்ள தூரத்தில் பாதியைத்தான் நான் நம்புவேன், வேட்டைக்கு அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வேன். ஒளியைக் குவிக்கும் கிண்ணம், அதாவது ரிஃப்ளெக்டர், ஆழமாகவும் வழவழப்பாகவும் உள்ள 1000 லூமென் டார்ச், உங்கள் பட்டியலில் முதலிடம் பிடித்த அந்தக் குட்டையான டார்ச்சைவிடத் தூரத்தில் நிற்பதை நன்றாகக் காட்டும்.

இன்னொன்று, அந்த அளவீட்டின்படி லூமெனை அளப்பது டார்ச்சைப் போட்டு 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள். எரியும் நேரத்தை அளப்பதோ, வெளிச்சம் ஆரம்ப அளவில் பத்தில் ஒரு பங்காகத் தேயும் வரை. அதனால் '3000 லூமென், 3 மணி நேரம்' என்று பெட்டியில் இருப்பது பொய் இல்லை, ஆனால் முதல் சில நிமிடங்கள் மட்டும் 3000, மீதி நேரம் பூராவும் அதில் ஒரு துண்டு என்பதற்கும் அந்தக் கணக்கில் இடம் இருக்கிறது. சின்ன உலோகக் குழாய் அவ்வளவு சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? எனவே பத்து நிமிடம் கழித்து எவ்வளவு என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

சிவப்பு, பச்சை விளக்குகளைக் கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. இருட்டுக்குப் பழக நம் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடமாவது பிடிக்கும், ஒரு விநாடி வெள்ளை வெளிச்சம் அதைக் கெடுத்துவிடும். மங்கலான சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது, இருட்டில் வேலை செய்கிற கண் செல்களுக்குச் சிவப்பு அநேகமாக உறைக்காது. மானுக்கும் பன்றிக்கும் சிவப்பைப் பிரித்தறியும் செல்கள் கிடையாது, ஆகவே அவை மிரள்வது குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். முகத்துக்கு நேராகப் பலமான சிவப்பை அடித்தால் ஓடத்தான் செய்யும், அப்புறம் டார்ச்சைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பச்சை நம் கண்ணுக்கு இன்னும் தெளிவாகத் தெரியும், தூரமும் கிடைக்கும். ஒரே தலையில் வெள்ளையும் இந்த நிறங்களும் மாற்றும் வசதி இருந்தால், பொத்தானை அமுக்கியதும் முதலில் வெள்ளைதான் பாயுமா என்று பார்த்து வாங்குங்கள், பாதி டார்ச்சுகளில் அந்தத் தொல்லை இருக்கிறது.

துப்பாக்கியில் மாட்டும் விளக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதை வைத்து எதையும் தேடாதீர்கள். விளக்கு திரும்பும் பக்கமெல்லாம் குழலும் திரும்பும். தேடுவதற்குக் கையில் ஒரு டார்ச், சுடுவதற்கு அது. இரவில் விளக்கடித்து வேட்டையாடுவது பல இடங்களில் குற்றம், விதி இடத்துக்கு இடம், மிருகத்துக்கு மிருகம் மாறும், விசாரித்துக்கொள்ளாமல் இறங்க வேண்டாம். பனிமூட்டத்தில் நெற்றி விளக்கைப் போட்டால் கண்ணுக்கு முன் வெள்ளைச் சுவர் எழும்பும், டார்ச்சை இடுப்பருகே தாழ்த்திப் பிடித்தால் வழி தெரியும்.

அன்றாடம் வைத்துக்கொள்ளும் டார்ச் முற்றிலும் வேறு சாமான். கனமானதை ஒரு வாரம் சுமப்போம், எட்டாவது நாள் மேஜை இழுப்பறைக்குள் போய்விடும். பூட்டுத் துவாரம் தேட, வண்டிக்கு அடியில் பார்க்க, மின்சாரம் போனால் படியிறங்க 300 லூமென் தாராளம். அதைவிட முக்கியம் அடிமட்ட வெளிச்சம். ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தவன் முகத்தில் 300 லூமென் அடித்தால் என்ன ஆகும் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வார். ஒரு லூமெனுக்கும் கீழே எரிகிற ஒரு நிலை இருக்க வேண்டும், டார்ச் அந்த நிலையிலிருந்தே தொடங்கினால் இன்னும் நல்லது. கண் சிமிட்டும் நிலை, எஸ்ஓஎஸ் நிலை எல்லாம் ஒவ்வொரு தடவையும் தாண்டித்தான் போக வேண்டும் என்று வைத்திருப்பவர்கள் டார்ச்சைப் பயன்படுத்துபவர்களே இல்லை.

பாக்கெட்டில் தானாக எரிவது விளையாட்டு இல்லை. பக்கவாட்டுப் பொத்தான் வைத்த ஒரு டார்ச், நான் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது இடுப்புப் பட்டையில் அமுங்கி எரிந்துவிட்டது. தொடையில் சூடு தெரிந்து ஓரங்கட்டி நிறுத்துவதற்குள் பேண்ட் துணியில் காசளவு பழுப்பு வட்டம். அதற்கப்புறம் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்திவிட்டுத்தான் பாக்கெட்டில் போடுகிறேன். எல்லா டார்ச்சிலும் இது பலிக்காது, மரைக்கு மின்சாரம் கடத்தாத பூச்சு கொடுத்திருந்தால்தான் மின்சாரம் அறுபடும், வாங்கும்போதே திருகிப் பார்த்துவிடலாம்.

பேட்டரி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 18650 என்கிற லித்தியம் அயான் செல் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், நல்ல செல்லில் மின்சாரக் கொள்ளளவு 3500 எம்ஏஎச் அளவுக்கு இருக்கும். அதே அளவு செல்லில் 9900 என்று அச்சடித்திருந்தால் அது பொய், கையில்கூட எடுக்காதீர்கள். கொஞ்சம் பெரிய 21700-ல் 5000 சாதாரணம். லித்தியம் அயான் செல்லைத் தனியாகப் பாக்கெட்டில் சாவியோடு போடக்கூடாது, முனைகள் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும். வருடக்கணக்கில் வண்டியில் கிடக்கப்போகும் டார்ச்சுக்கு சார்ஜ் செய்கிற செல் வேண்டாம், ஆல்கலைன் செல்லும் வேண்டாம், அது கசிந்து உள்ளே பூத்து டார்ச்சையே கெடுத்துவிடும். சார்ஜ் செய்ய முடியாத லித்தியம் ஏஏ செல் போட்டு வையுங்கள், குளிரும் தாங்கும். தலையை இழுத்தால் ஒளி குவியும் வகை டார்ச் காட்சிக்கு நன்றாக இருக்கும், இழுக்கும் இடுக்கு வழியாகத் தண்ணீரும் மண்ணும் போகும். மழையில் போகிறவர்கள் தண்ணீர் புகாத தரத்தைச் சொல்லும் ஐபிஎக்ஸ் எண்ணில் 7 அல்லது 8 பார்த்து வாங்கட்டும், ஐபிஎக்ஸ்4 வெறும் தெறிப்புக்குத்தான்.

வேட்டைக்கும் பாக்கெட்டுக்கும் ஒரே டார்ச் என்று நீங்கள் போட்ட தலைப்பிலேயே எனக்கு உடன்பாடு இல்லை. தூரத்துக்கு ஒன்று, தடத்துக்கும் அன்றாடத்துக்கும் நிறம் சரியாகக் காட்டுகிற சின்னது ஒன்று, என்னிடம் இப்போது இரண்டுதான் இருக்கின்றன. அடுத்த தடவை பட்டியல் போடும்போது லூமென் பத்தியை ஓரமாக ஒதுக்கிவிட்டு கேண்டெலா, சிஆர்ஐ, எடை, பத்து நிமிடம் கழித்து உள்ள வெளிச்சம் என்று நான்கு பத்தி போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தை அளக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் டார்ச்சுகளை எனக்கு அனுப்பி வையுங்கள், அளந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்